திருடன் கையில் சாவி

வாயிலிலிருந்து பத்தடி உள்ளே போனால் வெளிச்சம் பாதியாகிவிடும். இருபதடியில் கை தெரியாது. சுண்ணாம்புப் பாறை ஈரத்தில் வழுக்கும். காலடியில் எச்சம் சேறாக மிதிபடும், அதன் நெடி மூக்கில் ஏறும். அந்த இருட்டில் காதோரமாக ஒரு சத்தம் கடந்துபோகும். சீப்பின் பற்களைக் கட்டைவிரல் நகத்தால் சரசரவென்று வருடினால் எப்படி இருக்கும், அப்படி. வௌவால் இல்லை, வௌவால் வழி கண்டுபிடிக்கப் போடும் குரல் பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாது. இது பறவை. சில கிராம்களே எடை. தான் எழுப்பிய ஒலி பாறையில் பட்டுத் திரும்புவதை வைத்தே சுவரை அளந்துகொண்டு, கும்மிருட்டில் தன் கூட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

வட அந்தமானில், திக்லிப்பூர் அருகே ராம்நகர்ப் பக்கம் இப்படிப்பட்ட குகைகள் கூட்டமாக இருக்கின்றன. ஆல்ஃபிரட் குகைகள் என்பது வரைபடப் பெயர். ஊர்ப் பெயர் 'சாலிஸ் ஏக்', அதாவது நாற்பத்தொன்று. பள்ளிக்கூட இந்தியில் நாற்பத்தொன்றுக்கு 'இக்தாலீஸ்' என்று சொல்ல வேண்டும். வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் ராஞ்சிக்காரரும் மலையாளியும் சேர்ந்து பேசிப் பேசி உருவான தீவு இந்திக்கு அந்த இலக்கணமெல்லாம் கிடையாது.

பறவைக்கும் அதே கதைதான். தமிழில் உழவாரன். அப்பர் சுவாமிகள் கையில் இருக்கும் உழவாரத்தை நினைக்க வைக்கும் பெயர். தீவில் 'ஹவாபில்' என்கிறார்கள். அபாபீல் என்ற உருதுச் சொல் மருவி வந்ததாக இருக்கலாம். யானைப்படை மேல் கல் போட்ட அபாபீல் பறவைகளின் கதை நம்மூர் முஸ்லிம் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரியும். விஞ்ஞானப் பெயரில் அந்தமான் கிளையினத்துக்கு உரிய கடைசிச் சொல் 'இன்எக்ஸ்பெக்டேட்டஸ்'. எதிர்பாராதது என்று பொருள். 1873இல் பெயர் வைத்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பன்னிரண்டு வருடம் கழித்துக் காங்கிரஸைத் தொடங்கி வைத்த அதே ஹியூம்தான்.

இந்தப் பறவைக்கு வந்த கேடு அதன் வாயிலிருந்தே வந்தது. குச்சி, நார், இறகு எதையும் சேர்க்காமல் எச்சிலாலேயே கூடு கட்டும். பாறையில் ஒரு வரி எச்சில், அது காய்ந்ததும் மேலே இன்னொரு வரி. இப்படி ஒரு மாதத்துக்கும் மேலாக இழுத்து இழுத்துக் கட்டினால், வெயிலில் காய்ந்த ஜவ்வரிசி வடாம் மாதிரி வெள்ளையாக, உள்ளங்கையில் அடங்கும் அரைக் கிண்ணம் ஒன்று சுவரில் ஒட்டி நிற்கும். அதில் இரண்டு வெள்ளை முட்டைகள். அந்தக் கிண்ணத்தைத்தான் சீனர்கள் நூற்றாண்டுகளாகச் சூப் வைத்துக் குடிக்கிறார்கள். இளமை நிற்கும், நுரையீரல் தேறும், பிள்ளை பெற்றவளுக்குத் தெம்பு வரும் என்று நம்பிக்கை. சிங்கப்பூரிலிருந்து வரும் என் அத்தை ஒருமுறை சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் அந்தப் பானம் கொண்டுவந்தார். வீடே வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஸ்பூன் குடித்தோம். கற்கண்டுத் தண்ணீர், நடுவில் கொழகொழவென்று ஏதோ. அவ்வளவுதான். விலையைக் கேட்ட பிறகு அப்பா மட்டும் இன்னொரு ஸ்பூன் கேட்டார்.

ஒரு கிலோ சேர நூற்றுக்கும் மேற்பட்ட கூடுகள் வேண்டும். சர்வதேசச் சந்தையில் சுத்தமான வெள்ளைக் கூட்டின் விலை கிலோ லட்ச ரூபாயைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மரம் வெட்டும் வேலையும் நெல் வயலும் மட்டுமே இருந்த குடியேற்றக் கிராமங்களில், கையில் டார்ச்சும் தோளில் மூங்கில் ஏணியும் இருந்தால் போதும் என்ற தொழில் இது. ஆனால் கூடு பொதுச் சொத்து. குஞ்சு பறக்கட்டும், பிறகு எடுக்கலாம் என்று ஒருவர் காத்திருந்தால், மறுநாள் விடியும்முன் வேறொருவர் எடுத்துவிடுவார். ஆகவே எல்லோரும் முந்திக்கொண்டார்கள். முட்டை இருந்தால் முட்டையைத் தள்ளிவிட்டுக் கூட்டை எடு, குஞ்சு இருந்தால் குஞ்சையும். கூடு போன பறவை மறுபடி கட்டும். அதுவும் போனால் மூன்றாம் முறையும் கட்டும். உடம்பில் இருக்கிற சத்தெல்லாம் சுவருக்குப் போய்ச் சேர, பருவம் முடிந்துபோகும். பிள்ளை இல்லை.

1990களின் நடுவில் இதைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். ரவி சங்கரன், கோயம்புத்தூருக்கு மேற்கே ஆனைக்கட்டி மலையடிவாரத்தில் உள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தின் ஆய்வாளர். வரகுக்கோழியை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். நிக்கோபார் தீவுகளின் கரைகளை நடந்தே அளந்தவர். அந்தமானிலும் நிக்கோபாரிலும் 300க்கும் மேற்பட்ட குகைகளுக்குள் அவர் ஏறி இறங்கினார். குகைக்கு வழி காட்டியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? கூடு எடுப்பவர்கள்தான். எந்தப் பொந்தில் எத்தனை கூடு என்று வனத்துறைக்குத் தெரியாது, திருடனுக்குத் தெரியும். பத்து வருடத்தில் இந்தப் பறவை 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கும் என்பது அவர் முடிவு. குஞ்சு பறக்கும்வரை விட்டுவைக்கப்பட்ட கூட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் வழக்கமான ஆய்வாளர் என்ன செய்வார்? வேட்டைக்காரர்களைப் பிடி, சரணாலயம் அறிவி, நாலு ஜோடியைப் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்கு என்று அறிக்கை எழுதுவார். சங்கரன் எழுதியது நேர் எதிரான ஒன்று. கூட்டை விற்கத்தான் வேண்டும்; ஆனால் குஞ்சு பறந்த பிறகு எடுத்து விற்க வேண்டும்; விற்ற பணம் அந்தக் குகையைக் காக்கிறவனுக்கே போக வேண்டும்; காக்கிறவன் இதுவரை திருடியவனாகவே இருக்க வேண்டும். திருடன் கையில் சாவி கொடுத்த கதை என்று ஊரில் கேலி பேசுவோம். அவர் சாவியைத் தெரிந்தேதான் கொடுத்தார்.

அந்தமான் வனத்துறையும் ஆனைக்கட்டி மையமும் கைகோத்து, நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் சாலிஸ் ஏக் குகைகளிலும், மேற்கே இன்டர்வியூ தீவிலும் காவல் தொடங்கியது. இன்டர்வியூ தீவைப் பற்றி ஒரு வார்த்தை. 1962இல் இழுத்து மூடப்பட்ட ஒரு மரக் கம்பெனி தன் யானைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனது. அவற்றின் வாரிசுகள் இன்று காட்டு யானைகளாகத் திரியும் தீவு அது. குகைக் காவலர்கள் அந்த யானைகளுக்கும் பயப்பட வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் பறவைகள் எச்சில் இழுக்க ஆரம்பித்தால், மழை பிடிக்கும்வரை வாயிலில் முகாம் போட்டு இரவும் பகலும் இருக்க வேண்டும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கொசுவலை, வாரத்துக்கு ஒருமுறை கூட்டை எண்ணி எழுத ஒரு நோட்டு. ஏறிப் பழகிய கால்கள், இருட்டில் பழகிய கண்கள். போன வருடம்வரை பறிக்க உதவிய அதே திறமை இப்போது எண்ண உதவியது.

காவல் இருந்த குகைகளில் கூடுகள் கூடின. அதைச் சொல்லும் மதிப்பீடு 2014இல் 'ஓரிக்ஸ்' ஆய்விதழில் வெளியானது; ஆசிரியர்கள் ஷிரீஷ் மஞ்சியும் ரவி சங்கரனும். சங்கரன் இறந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2002இல் டெல்லி இந்தப் பறவையை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் அதே உச்சப் பாதுகாப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டவணையில் ஏறிய பறவையின் எந்தப் பொருளையும் விற்க முடியாது, குஞ்சு பறந்துபோன வெற்றுக் கூட்டையும்கூட. மழைக்காலத்தில் தானாக உதிர்ந்து எச்சத்தில் மட்கிப்போகும் கூடு அது. அதை விற்றுக் கூலி தருகிறேன் என்று சொல்லித்தான் ஆட்களைக் குகை வாயிலில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரே உத்தரவில் காவலனின் வருமானம் குற்றமானது. திருடனின் வருமானம் ஏற்கெனவே குற்றம்தான் என்பதால் அவனுக்கு ஒன்றும் மாறவில்லை. பறவையைக் காப்பதாக நினைத்து அதன் காவலர்களின் வயிற்றில் அடித்த இந்த உத்தரவைவிடப் பொருத்தமான உதாரணம் நம் வனச் சட்ட வரலாற்றில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அட்டவணையிலிருந்து ஒரு பெயரை எடுப்பது, ஏற்றுவதைவிடப் பல மடங்கு கடினம். அழிவில் இருக்கும் பறவையைச் சட்டத்திலிருந்து விடுவியுங்கள் என்று ஒரு பறவை ஆய்வாளரே கேட்டால் சக ஆர்வலர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 2008இல் ஆனைக்கட்டி மையத்தின் இயக்குநரானார். 2009 ஜனவரி 17 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 45. அதே 2009இல் அந்தப் பெயர் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது.

குகை ஒரு பாதி. சங்கரன் திட்டத்தின் மறுபாதி வீடு.

கூண்டில் வளர்த்துக் காட்டில் விடுவது என்று சொல்கிறோமே, அது இந்தப் பறவையிடம் செல்லாது. உழவாரனுக்குக் கிளையில் உட்காரும் கால் கிடையாது. சுவரைப் பற்றித் தொங்க மட்டும்தான் தெரியும். விடிந்தால் பறக்க ஆரம்பித்து, காற்றில் மிதக்கும் சிறகெறும்பையும் ஈசலையும் பறந்தபடியே பிடித்துத் தின்று, இருட்டினால்தான் திரும்பும். இதற்கு எந்த அளவில் கூண்டு கட்டுவது? ஆகவே வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. ஜாவாவில் அந்த வழி வெகுகாலமாகப் பழக்கத்தில் இருந்தது.

அங்கே வீடுகளுக்குள் தானாகவே வந்து கூடு கட்டும் இன்னொரு சின்ன உழவாரன் உண்டு. அதன் கூடு பாசியும் நாரும் கலந்தது. சந்தையில் யாரும் சீண்ட மாட்டார்கள். வெள்ளைக் கூட்டுப் பறவையின் முட்டையைக் கொண்டுவந்து அந்தக் கூட்டில் வைத்தார்கள். வளர்ப்புத் தாய் அடைகாத்து ஊட்டி வளர்த்தது. உழவாரனுக்குப் பிறந்த இடத்தை விடாத குணம். வீட்டில் கண்விழித்த குஞ்சு, பெரிதானதும் அந்த வீட்டுக்கே துணையோடு வந்து கட்டியது. குகைப் பறவை இப்படி வீட்டுப் பறவையானது. பிறகு அது பெரும் வியாபாரமாக வளர்ந்தது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் சன்னல் இல்லாத நாலு மாடிக் கட்டடங்களின் உச்சியில் ஒலிபெருக்கி வைத்துப் பறவைக் குரலைப் போட்டு அழைக்கிறார்கள். பினாங்கு போன நம் ஆட்கள் பார்த்திருப்பார்கள்: பழைய கடைவீடுகளின் மேல்மாடியில் பறவை, கீழே மனிதர், நாள் முழுக்க ஒலிபெருக்கிச் சத்தம். 2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு அந்தப் பறவை வீடுகளை நகரத்துக்குள்ளிருந்து அகற்றச் சொல்லிப் பெரிய சச்சரவே நடந்தது.

அந்தமானிலும் அந்தச் சின்ன உழவாரன் இருக்கிறது. பளபளக்கும் கருநீல முதுகு, வெள்ளை வயிறு. வராந்தாவின் உத்தரம், பள்ளிக்கூடக் கூரை, படித்துறைக் கொட்டகை என்று மனிதன் கட்டிய எதிலும் கூச்சமில்லாமல் கூடு கட்டும். மத்திய அந்தமானில், மாயாபந்தர் வட்டாரத்தைச் சேர்ந்த துகாபூரில் அப்படி ஒரு கட்டடத்தை வைத்து முட்டை மாற்றும் வேலை தொடங்கியது.

வேலையை நினைத்துப் பாருங்கள். குகையில் ஏணி மேல் ஒருவர் நிற்கிறார். கூட்டிலிருந்து இரண்டு முட்டைகளை எடுக்க வேண்டும். இரண்டு விரலால் அழுத்தினால் உடைந்துவிடும் ஓடு. பஞ்சுக்குள் வைத்து, சூடு குறையாமல், காட்டுப் பாதையிலும் பிறகு அந்தமான் பெருவழிச் சாலையின் குண்டு குழிகளிலும் குலுங்காமல் கொண்டுபோக வேண்டும். அங்கே அதே வயதுள்ள முட்டை இருக்கும் கூடாகப் பார்த்து மாற்ற வேண்டும். நாலு நாள் முந்தினாலும் பிந்தினாலும் வளர்ப்புத் தாயின் கணக்கு தவறிப்போகும். குயில் காக்கைக் கூட்டில் ஒரு நொடியில் முடித்துவிட்டுப் போகிற காரியத்தைச் செய்ய, இங்கே ஒரு மையமும் ஒரு அரசுத் துறையும் வேண்டியிருந்தது.

வளர்ப்புத் தாய் தன்னைவிடப் பெரிய பிள்ளையை வளர்க்கிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. பளபளப்பு உழவாரனுக்கு இருட்டில் ஒலியெழுப்பி வழி தேடத் தெரியாது. அதனால்தான் வெளிச்சம் எட்டுகிற வாயிலோடும் வராந்தாவோடும் அது நின்றுவிடுகிறது.

இப்படித் தாய் மாற்றி வளர்ப்பதில் உலகத்தில் பெயர் பெற்ற கதை நியூசிலாந்தின் சாதாம் தீவுகளில் நடந்தது. 1980இல் அங்கே கருப்பு ராபின் பறவைகள் மிச்சமிருந்தது ஐந்தே ஐந்து. அவற்றில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்த பெட்டை ஒன்றே ஒன்று. 'ஓல்ட் புளூ' என்று பெயர் வைத்திருந்தார்கள். நம்மூரில் இருந்திருந்தால் நீலாம்பாள் பாட்டி என்று கூப்பிட்டிருப்போம். டான் மெர்ட்டனும் அவர் குழுவும் அதன் முட்டைகளை எடுத்து வேறு இனப் பறவைகளின் கூட்டில் வைத்தார்கள். முட்டை போனதும் அது மறுபடி இட்டது. இன்று இருநூறுக்கு மேல் இருக்கும் அத்தனையும் அதன் வாரிசுகள். ஆனால் வழியில் ஒரு சிக்கல் வந்தது. வேற்றினத் தாயிடம் வளர்ந்த சில குஞ்சுகள் தாங்களும் அந்த இனம்தான் என்று நினைத்துக்கொண்டன. துணை தேடும் வயது வந்ததும் தவறான வாசலில் போய் நின்றன. கூண்டுப் பிள்ளைகளை வெளியே விடும் எல்லாத் திட்டங்களுக்கும் இந்தப் பயம் உண்டு. உயிரோடு வளர்ப்பது ஒரு வேலை, தான் யார் என்று அதற்குத் தெரியவைப்பது இன்னொரு வேலை.

மூன்றாவதாக ஒரு வேலை இருக்கிறது. திரும்பிப் போக ஓர் இடம் இருக்க வேண்டும்.

குவாம் தீவின் சிஹெக் மீன்கொத்தியைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிச் சரக்கோடு வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு அந்தத் தீவின் காட்டுப் பறவைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. 1988க்குப் பிறகு காட்டில் ஒரு சிஹெக்கும் இல்லை. முன்கூட்டியே பிடித்துவைத்த இருபத்துச் சொச்சம் பறவைகளிலிருந்து அமெரிக்க மிருகக்காட்சிச் சாலைகள் அதைப் பெருக்கின. 2024 செப்டம்பரில் ஒன்பது பறவைகளைத் திறந்துவிட்டார்கள், ஆனால் குவாமில் இல்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, நிரந்தரக் குடிகள் இல்லாத பால்மைரா பவளத் தீவில். சொந்த ஊரில் பாம்பு இன்னும் இருக்கிறதே. அடுத்த ஆண்டு அவை பால்மைராவில் முட்டையிட்டன. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் கழித்து வெளியுலகில் சிஹெக் முட்டை.

இதைப் படித்தபோது எனக்கு நிக்கோபார் மேகபோடுதான் நினைவுக்கு வந்தது. கோழி அளவில் பழுப்புப் பறவை. கால் மட்டும் கோழியைவிடப் பெரிது. கரையோரக் காட்டில் மணலையும் சருகையும் கால்களால் வாரி மேடு கட்டி, உள்ளே முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். சருகு மட்கும் சூட்டில் முட்டை பொரியும். குஞ்சு தானே மண்ணைத் தோண்டி வெளியே வந்து தானே ஓடும், தானே இரை தேடும். அம்மா முகம் தெரியாது. வளர்ப்பில் பெருக்கி விடுவதற்கு இதைவிடச் சுலபமான பறவை தீவுகளில் இல்லை என்றே சொல்லத் தோன்றும். அடைகாக்க வேண்டாம், ஊட்ட வேண்டாம், இனம் மாறிப் பழகிவிடும் என்ற பயமும் இல்லை.

ஆனால் அதற்குக் கரையோரக் காடு வேண்டும், கடலை ஒட்டிய அந்த ஒரு கீற்று. 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கீற்றைத்தான் கடல் எடுத்துக்கொண்டது. பூகம்பத்தில் தீவுக்கூட்டம் தராசுபோல் சாய்ந்தது. வடக்கே இன்டர்வியூ தீவுப் பக்கம் நிலம் உயர்ந்து பவளப் பாறை வெயிலில் காய்ந்தது. தெற்கே நிக்கோபார் இறங்கியது; தென்கோடியில் உள்ள இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. மேகபோடுக்காகவே அறிவித்திருந்த மேகபோடு தீவுச் சரணாலயம் கடலுக்குள் போனது. 2006இல் நடந்த கணக்கெடுப்பு, 1990களில் சங்கரன் எண்ணியதோடு ஒப்பிட்டு, சுமார் 70 சதவீதம் குறைந்திருப்பதாகச் சொன்னது. எஞ்சியவை பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடா போன்ற இடங்களில் மேடு கட்டி வாழ்ந்தன. அங்கே துறைமுகம் வருகிறது. 2021 ஜனவரியில் கலத்தியா விரிகுடாச் சரணாலயத்தின் அறிவிப்பு ரத்தானது. அதன் பரப்பு 11 சதுர கிலோமீட்டருக்கு மேல். பதிலாக மேகபோடுக்கென்று 2022இல் அறிவித்தது மெஞ்சல் தீவு. பரப்பு ஒன்றரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பறவைக்குக் கடல் தாண்டி வீடு மாற்றச் சொல்லியாயிற்று. பாதுகாப்புத் திட்டம் எழுதும் பொறுப்பு ஆனைக்கட்டி மையத்திடம் வந்திருக்கிறது. 2023இல் அந்த மையமே இந்திய வன உயிரின நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. ஆனைக்கட்டியில் எத்தனை அருமையாகத் திட்டம் எழுதினாலும், மேடு கட்டக் கரை இல்லாமல் பொரித்த குஞ்சை எங்கே கொண்டுபோய் விடுவது?

சாலிஸ் ஏக் குகைகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பாறை இருந்த இடத்திலேயே இருக்கிறது, காடு இருக்கிறது, ஈசல் இருக்கிறது. இல்லாமல் போனது பொறுமை மட்டும்தான். இரண்டு முட்டை பொரிந்து குஞ்சு பறக்கும்வரையான இரண்டு மாதப் பொறுமை. அதைக் கூலி கொடுத்து வாங்க முடிந்தது. துகாபூர் வீட்டில் செய்த சோதனையில் எனக்கும் ஆர்வம்தான்; தேவைப்பட்டால் கைகொடுக்கும் வித்தை அது. ஆனால் பறவையைத் தூக்கி நிறுத்தியது ஏணிக்காரர்கள் குகை வாயிலில் போட்ட முகாம் என்பதே என் கணக்கு.

சாயங்காலம் ஐந்து மணிக்கே அந்தமானில் இருட்ட ஆரம்பிக்கும். இந்தியக் கடிகாரத்துக்கும் அந்தத் தீவின் சூரியனுக்கும் அவ்வளவு தூரம். துகாபூர் வீட்டில் பளபளப்பு உழவாரன்கள் அதற்கு முன்னதாகவே திரும்பிவிடும்; வெளிச்சம் போனால் அவற்றால் முடியாது. கூட்டுக்குள் ஒடுங்கிக் குஞ்சுகளோடு அமைதியாகிவிடும். கடைசிக் கீற்று வெளிச்சமும் போன பிறகு, ஈசல் கூட்டத்தை விட மனமில்லாமல் தங்கிவிட்ட ஒரு பெரிய பிள்ளை மட்டும் பின்தங்கி வரும். வளர்த்த தாய்க்குத் தெரியாத சத்தம் அதன் தொண்டையில் இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, சீப்பை நகத்தால் வருடுவது போல அதை எழுப்பிக்கொண்டு உத்தரத்தைத் தேடிப் பறந்து வரும்.